இரண்டு மைக், ஒரே குரல்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், கூலாய் வட்டாரத் தாமான் வீடுகளில் படுக்கையறை ஒலிப்பதிவுக்கூடம் ஆவது இன்று புதுமையல்ல. ஒரு கணினியும் இரண்டு மைக்கும் இருந்தால் தைப்பூசத்துக்கு முருகன் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றிவிடலாம். அப்படி வரும் பாடல்கள் சிலவற்றில் குரல் குழாய்க்குள்ளிருந்து பாடியதுபோல் உள்ளீடற்றுச் சுழலும். மைக் மலிவு என்றோ பாடகருக்குப் பயிற்சி போதாது என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பாடியது ஒருமுறை, பதிந்தது இரண்டு மைக்கில் என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டு டிராக்குகளையும் தனித்தனியே சுருதி திருத்திய வேலையைத்தான்.

1997இல் வந்த, சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோடியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், எண்ணெய் வளம் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். குரலின் அலை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது என்று கணித்து, அதிலிருந்து சுருதியை ஊகிப்பதுதான் அந்த மென்பொருளின் அடிப்படை. ஊகம் என்பதால், வாயருகே இருக்கும் மைக்குக்குக் கிடைக்கும் விடையும் அறையின் எதிரொலியைச் சேர்த்து வாங்கும் தூர மைக்குக்குக் கிடைக்கும் விடையும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இராது. 440 ஹெர்ட்ஸில் 5 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்கு விலகினாலே, விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் ஒலி ஏறி இறங்கும். மைக்குகளுக்கிடையே 34 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் இருந்தால் ஒலி சுமார் 1 மில்லி விநாடி தாமதிக்கும். இரண்டையும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பகுதிகள் மெலியும். இந்த மெலிவு ஓரிடத்தில் நின்றால் காது அதை அறையின் குணமாக ஏற்றுக்கொள்ளும். தனித்தனித் திருத்தம் அதை நகர விடுகிறது; கோளாறு அங்கேதான்.

பீட்டில்ஸ் குழுவுக்காக 1966இல் லண்டனின் அபி ரோட் ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் ஒரே குரலை ஒலிநாடாவில் தாமதித்து இரட்டிப்பாக்கினாரே, அது இனிமையாக இல்லையா என்று கேட்கலாம். இனிமைதான். அங்கே தாமதம் பெரிது, அதனால் இரண்டாவது ஆள் பாடுவதாகத் தோன்றியது. அதே தாமதத்தை மிகக் குறைத்து, மாற்றிக்கொண்டே இருந்தால் வரும் சுழலுக்குத்தான் பிளாஞ்சிங் என்று பெயர். கிதாருக்கு வேண்டுமென்றே போட்டால் அழகு. பக்திப்பாட்டில் தானாக வந்தால் பிழை. பாடகர் உண்மையிலேயே இரண்டாம் முறை பாடிய டிராக் வேறு சங்கதி. அதைத் தனியாகத் திருத்தலாம், கொஞ்சம் விலகலை விட்டுவைக்கவும் வேண்டும்; கமகத்தை நேர்கோடாக்கிவிட்டால் அங்கே பாட்டே இல்லை.

பரிகாரம் எளிது. இரண்டு மைக் பதிவையும் ஒரே ஸ்டீரியோ கோப்பின் இடமும் வலமுமாகச் சேர்த்துத் திருத்தி, பிறகு பிரித்துக்கொள்ளலாம். இடம், வலத்தைத் தனித்தனியே கணிக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். தூர மைக் கணிப்பைக் குழப்பும் என்பது நியாயமான ஆட்சேபம். சேர்க்கும்போது அதன் ஒலியளவைத் தாழ்த்தி, பிரித்தபின் உயர்த்தினால் போதும். கைப்பேசியில் கேட்பவருக்கு இதெல்லாம் தெரியாது என்பது மட்டும் தவறு: ஒற்றை ஸ்பீக்கரில் இரு பக்கமும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் இந்தக் குறை உரக்கக் கேட்கும். புது மைக் வாங்கக் கிளம்புமுன், பாட்டை ஒருமுறை மோனோவில் போட்டுக் கேளுங்கள்.