ரொறன்ரோவுக்கு ஏன் சிறிய பங்கு?

ஊர்காவற்றுறையில் ஒரு வீடு. இணைய இணைப்பும் ஒன்றுதான். அக்கா ரொறன்ரோவிலிருந்து கல்யாண வீடியோவை இறக்குகிறார். தம்பி கொழும்பிலுள்ள வழங்கியிலிருந்து படம் இறக்குகிறான். பாதிப்பாதியாகப் பிரியுமா? பெரும்பாலும் தம்பிதான் வெல்வான்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு நிறைந்தால் ஏறாதே என்று சொல்ல ஆள் உண்டு. இணையத்தில் அனுப்பும் கணினிகள் தாமாகவே அடங்க வேண்டும். 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் அவை அடங்கவில்லை. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 யார்தான் தூரம். விநாடிக்கு 32,000 பிற் ஓடிய அந்த இணைப்பு 40 பிற்றுக்கு விழுந்தது. வரிசையில் தாமதித்த தரவுப் பொதிகளைத் தொலைந்தவையென்று எண்ணித் திரும்பத் திரும்ப அனுப்பிய வினை அது.

வான் ஜேக்கப்சன் 1988இல் வழி சொன்னார். அனுப்பிய பொதிகளுக்குப் பதில் வந்தால், அடுத்த சுற்றில் ஒரு பொதி கூட்டு. பொதி போய்ப் பதில் வந்துசேரும் நேரமே ஒரு சுற்று. பொதி தொலைந்தால் பாதியாகக் குறை. இப்படிச் சிறுகக் கூட்டி, பெருகக் குறைத்தால் பங்குகள் சமத்தை நோக்கி நகரும் என்று சியுவும் ராஜ் ஜெயினும் 1989இல் நிறுவினார்கள். ஆனால் எல்லோருக்கும் சுற்று ஒரே நீளமாக இருந்தால்தான்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். கொழும்பு 300 கி.மீ.; போய்வர 3 மில்லிவிநாடி. ரொறன்ரோ 13,000 கி.மீ.க்கு மேல், 130 மில்லிவிநாடிக்குக் குறையாது. அக்காவுக்கு இரட்டை நட்டம்: பங்கு மெதுவாக வளர்கிறது, வளர்ந்த பங்கும் மெதுவாகவே வந்து சேர்கிறது.

வேகம் கூடக் கூட நிலைமை இன்னும் மோசம். விநாடிக்கு 10 கிகாபிற் இணைப்பில், சுற்று 100 மில்லிவிநாடியானால், ஒரு தடவை பாதியாகக் குறைந்தது பழையபடி ஏற ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகும். இதற்காக வந்ததுதான் கியூபிக் என்ற முறை. 2006 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான முறை. இது சுற்றுகளை எண்ணாமல், கடைசி இழப்பிலிருந்து கடந்த நேரத்தைப் பார்த்து ஏறுகிறது. முதல் நட்டம் பெரிதும் குறைந்தது, இரண்டாவது நிற்கிறது.

அனுப்புபவரின் நல்லொழுக்கத்தை மட்டும் நம்பினால் முழு நியாயம் வராது என்பதே என் எண்ணம். ஜோன் நேகல் 1985இலேயே சொன்னதுபோல, நெரியும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து முறைவைத்து விட வேண்டும். உங்கள் றூட்டரில் இப்படி வரிசைகளைப் பிரித்து விடும் எஸ்.கியூ.எம். என்ற தெரிவு இருந்தால், உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழான எண்ணைக் கொடுத்து இயக்கிவிடுங்கள்.