4 கோடி இலக்க எண்: அது பகா எண்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

2-ஐ 136,279,841 தடவை எழுதி, எல்லாவற்றையும் பெருக்குங்கள். விடையில் 1-ஐக் கழியுங்கள். கிடைப்பது 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்.

அதுவரை அறியப்பட்டதிலேயே ஆகப் பெரிய பகா எண் இதுதான் என 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டூராண்ட். பெரிய பகா எண்களைத் தேடும் 'கிம்ப்ஸ்' எனும் தன்னார்வத் திட்டத்தில் இணைந்தவர்.

எவ்வளவு பெரிசு? ஓர் இலக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடம் விட்டு ஒரே வரியில் எழுதினால், சுமார் 123 கிலோமீட்டர் நீளும். சபாக்கில் எழுத ஆரம்பித்தால், கோல சிலாங்கூரைத் தாண்டி, கோலாலம்பூர் பக்கம் வந்துதான் முடிப்பீங்க.

வகுத்துப் பார்த்தால் போதாதா?

31 பகா எண்ணா என்று கேட்டால் 2, 3, 5 என வகுத்துப் பார்ப்போம். இந்த எண்ணிடம் அது நடக்காது. உலகத்தின் எல்லாக் கணினிகளும் சேர்ந்தாலும் முடியாது.

அதனால் முதலில் ஒரு குறுக்குவழி: ஃபெர்மா சோதனை. 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று குறைவாக, 6 தடவை 3-ஐப் பெருக்கினால் 729. அதை 7-ஆல் வகுத்தால் மீதம் 1. மீதம் 1 வராவிட்டால், அது பகா எண் இல்லை (3 மட்டும் விதிவிலக்கு).

ஆனால் மீதம் 1 வந்தால் மட்டும் போதாது. இராமானுஜன் பெயரோடு சேர்ந்து புகழ்பெற்ற 1729-ஐப் பாருங்கள். இந்தச் சோதனையில் அது பாஸ்! ஆனால் 7 × 13 × 19 = 1729. அது பகா எண்ணே இல்லை.

அப்புறம் எப்படி உறுதி செய்தார்கள்?

அக்டோபர் 11-இல் அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு கணினி, 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று மட்டும்தான் சொன்னது. மறுநாள் டெக்சஸில் லூக்கஸ்-லேமர் சோதனை அதை உறுதிப்படுத்தியது. 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு மட்டுமே உரிய இந்தச் சோதனை ஏமாறாது.

நீங்களே 31-க்குச் செய்து பார்க்கலாம். ஐந்து 2-களின் பெருக்கத்தில் 1 குறைந்தால் 31. 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள்: 14. மறுபடியும் அப்படியே: 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதம் 8. மீண்டும் ஒரு தடவை: 62. 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அவ்வளவுதான், 31 பகா எண்!

31-க்கு மூன்றே சுற்று. நம்ம பெரிய எண்ணுக்கு 136,279,839 சுற்று.

உங்களுக்கு என்ன சம்பந்தம்?

1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. எனும் இணையப் பூட்டு, இரண்டு ரகசியப் பகா எண்களின் பெருக்கத்தை நம்பி நிற்கிறது. இன்று பரவலாக உள்ள அளவில், ஒவ்வொன்றும் சுமார் 300 இலக்கம். பெருக்குத்தொகை ஊருக்கே தெரியலாம். அதைப் பிரிப்பதுதான் கடினம். இரண்டில் ஒன்று 1729 மாதிரி போலியாக இருந்தால், பூட்டு பலவீனமாகும் அல்லது சரியாகத் திறக்காது. அதனால்தான் அங்கே ஃபெர்மாவைவிடக் கடுமையான சோதனைகள்.

அந்த 4 கோடி இலக்க எண் பூட்டுக்கு உதவாது. காரணம் எளிது: அது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பாதுகாப்புக்கு எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, ரகசியமாகவும் இருக்க வேண்டும்.