சைக்கிளில் கூடை கட்டும் முறை

கலசப்பாக்கம் சுற்றுக் கிராமங்களுக்குச் சைக்கிளில் சரக்கு அனுப்பும் வணிகப் பெருமக்கள் கவனத்திற்கு.

ஒரு முறை 15 கிலோ எண்ணெய் டின்னை ஒரே பக்கம் தொங்கவிட்டு அனுப்பினோம். திருப்பத்தில் வண்டி சாய்ந்து கடை ஆளுக்குக் கை முறிந்தது. தவறு நம்முடையது.

பின் கேரியரின் இரு பக்கமும் கூடை மாட்டி, பாரத்தைச் சமமாகப் பிரிக்கவும். கனமான சரக்கு அடியில் இருக்கட்டும். கூடை பின்சக்கர அச்சுக்கு நேராக இருப்பது நலம். மிதிக்கும்போது குதிகால் இடிக்கக் கூடாது. சாக்கு நூல் ஸ்போக்ஸில் சிக்காதபடி கம்பித் தடுப்பு வைக்கவும். ஹேண்டில் கூடை ஹேண்டிலோடு திரும்புவதால், அதில் பாரம் ஏற்றினால் வளைவில் வண்டி இழுக்கும். அப்பளம், பிஸ்கட் போன்ற இலேசான சரக்கு மட்டும் போதும். மூங்கில் கூடை இலேசானது, ஆனால் நனைந்தால் இற்றுவிடும். கம்பிக் கூடை உழைக்கும். கேரியர் நட்டுகளை வாரம் ஒரு முறை முடுக்கவும்.

சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். ஆள் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.