முதல் .22 ரைபிள்

.22 லாங் ரைபிள் என்பது 1887-இல் அமெரிக்காவில் அறிமுகமான சிறு தோட்டா. தீப்பற்றும் வேதிப்பொருள் இதன் அடிவிளிம்பினுள் இருக்கும். சுடும்போது தோளில் படும் உதைப்பு மிகக் குறைவு என்பதால் அந்நாட்டில் பதின்பருவத்தினர் பலர் இதில்தான் சுடப் பழகுகின்றனர். 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் ரைபிள் விற்கக் கூடாது. பெரும்பாலும் பெற்றோரே வாங்கித் தருகின்றனர்.

முதலில் பார்க்க வேண்டியது விலையன்று, கட்டையின் நீளம். விசைக்கும் தோளில் பதியும் முனைக்கும் இடைத்தூரம் மிகுந்தால் சிறுவர் பின்னுக்குச் சாய்ந்து எடையைத் தாங்குவர், குறி தவறும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இடும் போல்ட் வகை தொடக்கத்திற்கு ஏற்றது. 1964-இல் வந்த ரூகர் 10/22 புகழ்பெற்றதுதான். ஆனால் அது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வதைப் புதியவர் மறந்துவிடக்கூடும். சிறு தோட்டாதானே என்று எண்ணுவதும் தவறு. இதன் குண்டு 1.5 கி.மீ.க்கு அப்பாலும் செல்லும். இலக்கின் பின்னே மண்மேடு இல்லாத இடத்தில் சுடலாகாது.