கண்ணுக்குத் தெரியாத குடலிறக்கம்

கோடையில் நம் கரிசல் காட்டில் நடந்தவர்கள் நிலத்தின் வெடிப்பை அறிவர். வெள்ளாட்டுக் குட்டியின் கால் அதில் இறங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. நம்முள் சிலருக்கு வயிற்றுக்குள்ளும் இத்தகைய வெடிப்பு உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

குடலிறக்கம் என்றதும் பாரம் தூக்குவோருக்குத் தொடையிடுக்கில் தோன்றும் வீக்கமே நினைவுக்கு வரும். அதனைக் கண்ணால் காணலாம், கையால் தொட்டறியலாம். உட்குடலிறக்கம் அவ்வாறன்று. குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கிடையே பிறவியிலேயே அமைந்த குழியிலோ, முன்பு செய்த அறுவையால் உண்டான இடைவெளியிலோ சிறுகுடல் நுழைந்து கொள்வதே இது. குடலிறக்கங்களுள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இவ்வகை காணப்படுகிறது.

குடல் நுழைந்தால் வலி. தானே வெளிவந்தால் சுகம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண், "வாயு பிடிச்சிருக்கு" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள். என்றேனும் ஒருநாள் குடல் திரும்ப இயலாமல் முறுக்கிக் கொண்டால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். உயிருக்கே ஆபத்து.

இதனைக் கண்டறிவது எங்ஙனம்? 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, குடலில் அடைப்பு இருப்பதைக் காட்டும். அடைப்பின் காரணத்தைப் பெரும்பாலும் காட்டாது. அல்ட்ரா சவுண்டு ஒலியலைகளையோ குடலிலுள்ள காற்று மறிக்கும். ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கி, 1971-இல் இலண்டனில் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேனே இதற்கு வழி செய்தது. அதற்காக அவரும் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கருவி உடலைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோலப் படம் தரும். இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் படத்தில் மருத்துவர் மூன்றைத் தேடுவர். ஒன்று, பையில் திணித்தாற்போல ஓரிடத்தில் குவிந்த குடல் வளையங்கள். இரண்டு, நெருங்கி இழுபட்டோ சுழன்றோ காணும் இரத்தக் குழாய்கள். மூன்று, மருந்தேறாத குடற்சுவர்; அது இரத்த ஓட்டம் குறைந்ததற்கு அறிகுறி. வலி தணிந்தபின் எடுத்த படம் குறையற்றதாகவே தோன்றக்கூடும். எனவே வலியுள்ளபோதே படம் எடுப்பது நன்று.

நோய் உறுதியானால் அறுவை மருத்துவர் குடலை மீட்டு, இடைவெளியை அடைப்பர். ஆதலின், நண்பர்களே! கடும் வயிற்று வலியோடு வாந்தியும் வயிற்று உப்புசமும் கண்டு, மலமும் காற்றும் பிரியாதிருந்தால், கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ விரையுங்கள். முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால் மறவாமல் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் இதனை எடுத்துரைப்பது கற்ற நம் கடமையாகும்.