இணைய நெரிசல்: வரிசைக் கணக்குகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 18ஆம் தேதி முதல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஈஸ்ட் பிரன்ஸ்விக் போன்ற புறநகர்ப் பகுதிகளில் வீட்டு இணைய இணைப்பே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாறியது. இப்பகுதியில் வாழும் தமிழர்கள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பெற்றோருடன் பேசியதும் அதே இணைப்பின் வழியாகத்தான்.

பணம் செலுத்திப் பெற்ற வேகம் போதிய அளவில் இருந்தும், வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்கியதும் மற்றவரின் தொலைபேசிக் குரல் துண்டு துண்டாகக் கேட்பது ஏன் என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது. இதற்கான விடை வேகத்தில் இல்லை; தரவுப் பொட்டலங்கள் காத்து நிற்கும் வரிசையில் இருக்கிறது.

காத்திருப்பின் கணக்கு

வீட்டுக்குள் உள்ள கணினிகள் தரவை அனுப்பும் வேகம், வெளியே செல்லும் இணைப்பின் வேகத்தை விட அதிகம். எனவே மோடத்தின் நினைவகத்தில் பொட்டலங்கள் வரிசையாகத் தேங்குகின்றன. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் தரவை வெளியே அனுப்பும் இணைப்பில் ஒரு மெகாபைட் தரவு தேங்கினால், கடைசியில் நிற்கும் பொட்டலம் வெளியேற ஏறத்தாழ 1.6 நொடி ஆகும்.

குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனையை 150 மில்லி நொடிக்குள் அடைவது உரையாடலுக்கு உகந்தது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். நியூஜெர்சிக்கும் சென்னைக்கும் இடையிலான தொலைவு 13 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கண்ணாடி இழையில் ஒளி நேர்வழியில் சென்றாலும் 65 மில்லி நொடி ஆகும். இயற்கை விதிக்கும் இந்தத் தாமதத்தை எவராலும் குறைக்க இயலாது. ஆனால் அதைப் போல் பல மடங்கு தாமதம் வீட்டின் மோடத்திலேயே உருவாகிறது.

இது புதிய பிரச்சினை அல்ல. கலிபோர்னியாவில் 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சுமார் 400 கஜ தொலைவிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நெரிசல் முற்றி, நொடிக்கு 32 ஆயிரம் பிட் என்றிருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. அதன் பின்னர் வேன் ஜேக்கப்சன் வகுத்த முறைப்படி, பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்பும் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

நினைவகம் மலிவானதும் தயாரிப்பாளர்கள் கருவிகளில் மிகப் பெரிய வரிசைகளை வைத்தார்கள். பொட்டலம் தொலைவது குறைந்தது. எச்சரிக்கையும் தாமதமாகவே வந்தது. நியூஜெர்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ், 2010இல் தமது வீட்டு இணைப்பில் ஒரு நொடிக்கும் மேலான தாமதத்தைக் கண்டு ஆராய்ந்து, இந்தக் கோளாறுக்கு 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார்.

எண்களை எப்படிப் படிப்பது?

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ வைக்கப்படும் ஃபயர்வால் கருவிகள் பலவற்றில், போக்குவரத்தைப் பிரித்துத் தனித்தனி வரிசைகளில் நிறுத்தும் வசதி உண்டு. ஜப்பானின் கென்ஜிரோ சோ உருவாக்கிய ஆல்ட்-கியூ, 2003இல் ஓப்பன் பி.எஸ்.டி.யின் ஃபயர்வாலுடன் இணைக்கப்பட்டது. ஒவ்வொரு வரிசையிலும் கடந்து சென்றவை, கைவிடப்பட்டவை, தற்போது காத்து நிற்பவை என்று தனித்தனிக் கணக்கை அது காட்டும்.

இந்தக் கணக்குகளில் முதலில் கவனிக்க வேண்டியது, அவை பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து கூட்டப்பட்ட மொத்தங்கள் என்பதே. பத்தாயிரம் பொட்டலங்கள் கைவிடப்பட்டன என்ற எண் தனியே எதையும் உணர்த்தாது. அழைப்பு கெடும் நேரத்தில் சில நொடி இடைவெளியில் இருமுறை பார்த்து, வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.

அடுத்தது, கைவிடப்பட்டவை எந்த வரிசையில் என்பது. கோப்புகளுக்கான வரிசையில் சில பொட்டலங்கள் கைவிடப்படுவது கோளாறு அல்ல. வேகத்தைக் குறைக்குமாறு அனுப்புநருக்குச் சொல்லும் செய்தி அது. குரலுக்கான வரிசையில் அவ்வாறு நிகழ்ந்தால், அதற்கு ஒதுக்கிய பங்கு போதவில்லை என்று பொருள். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் வரிசையின் எண்கள் நகரவில்லை என்றால், அழைப்பு வேறு வரிசையில் போய்ச் சேர்கிறது.

எல்லா வரிசைகளும் காலியாக இருந்தும் குரல் கெடுகிறது என்றால், நெரிசல் ஃபயர்வாலில் இல்லை. பெரும்பாலும் அதற்கு அப்பால் மோடத்தில் இருக்கிறது. அதனால்தான் ஃபயர்வாலின் வேகத்தை, இணைப்பின் உண்மை வேகத்தை விடச் சற்றுக் குறைவாக அமைக்க வேண்டியுள்ளது. சிறிதளவு வேகத்தை இழந்து, வரிசையைத் தமது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதே இதன் நோக்கம்.

வரிசை ஒரு கணம் நீள்வது தவறல்ல. குறையாமல் நிலைத்து நிற்பதே தவறு. கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தை விடுத்து, பொட்டலம் காத்திருந்த நேரத்தை அளக்கிறது. காத்திருப்பு 100 மில்லி நொடி காலத்துக்கு 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் பொட்டலங்களைக் கைவிடத் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் நியாயமான பங்கு என்ற கருத்துடன் இணைந்து, இது இன்று பல கருவிகளில் இயங்குகிறது. அந்தக் கருத்தை வளர்த்த 1989ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர், டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற எஸ். கேசவ்.

வரிசையை யார் தீர்மானிப்பது?

வீட்டில் குடும்பம் எடுக்கும் முடிவை, வெளியே நிறுவனம் எடுக்கிறது. கோப்புப் பகிர்வுக்கான பிட்டாரென்ட் இணைப்புகளை காம்காஸ்ட் நிறுவனம் இடைமறித்தது 2007இல் வெளியானது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2008 ஆகஸ்டில் அதைக் கண்டித்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பின்னர் 2015இல் வகுக்கப்பட்ட இணையச் சமநிலை விதிகள் 2017இல் நீக்கப்பட்டன. 2024இல் மீண்டும் கொண்டுவரப்பட்டவை 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டன.

அதே காம்காஸ்ட், பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு வகை மோடத்தில் வரிசைக் கட்டுப்பாட்டு முறையைச் செயல்படுத்தியது. தரவு அனுப்பும்போது சுமார் 250 மில்லி நொடியாக இருந்த தாமதம், அவற்றில் 15 முதல் 30 மில்லி நொடியாக இருந்ததாக அந்த நிறுவனமே பின்னர் தெரிவித்தது.

அதற்கு இணைப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. நிறுவனங்கள் விளம்பரத்தில் முன்னிறுத்துவது மெகாபிட் கணக்கை மட்டுமே. தொலைவிலுள்ள பெற்றோரின் குரல் தெளிவாகக் கேட்குமா என்பதை, அந்த விளம்பரத்தில் இடம்பெறாத காத்திருப்பு நேரமே பெரிதும் தீர்மானிக்கிறது.