கார்புரேட்டரின் கதவு

மோட்டார் சைக்கிளின் வலக்கைப்பிடியை முறுக்கினால் வண்டி விரைகிறது, விட்டால் தணிகிறது. விரைவைக் கூட்டுவது நம் கை. தணிப்பது யார்? இவ்வினாவை மாணவர் சிலரிடம் நான் கேட்டதுண்டு. "அதுவும் கைதானே, ஐயா!" என்றே பலரும் விடை கூறினர். ஒற்றைக் கேபிள் கொண்ட வண்டியில் அவ்விடை பொருந்தாது. கேபிள் என்பது ஒரு கயிறு. கயிற்றைக்கொண்டு இழுக்கலாம், தள்ள இயலுமோ? திறப்பதற்குக் கை இழுக்கிறது. மூடுவதற்குக் கார்புரேட்டருக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய சுருள்வில் ஒன்றே துணை. அதன் வேலைக்கு எங்கேனும் தடை நேர்ந்தால், கையை எடுத்த பின்னரும் எஞ்சின் வெறிகொண்டு ஓடும். மெக்கானிக்குகள் இதனை 'ரேஸ் பிடித்துக்கொண்டது' என்பர். சந்தைத் தெருவிலோ, லாரிக்குப் பின்னாலோ இது நேருமாயின் விளைவு யாதாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், நம் நாட்டின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோல் பீய்ச்சும் மின்னணுக் கருவி பெரும்பாலும் பெற்றுவிட்டது. ஆயினும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பழைய வண்டிகள் இன்றும் சாலையில் உள்ளன. விடுமுறை நாளில் அவற்றின் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டிப் பார்க்கும் ஆசை இளைஞர்க்கு எழுவது இயல்பே. அந்த ஆசையை நான் தடுக்கமாட்டேன். பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றையே கூற விரும்புகிறேன்.

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது முதல் நம்மவர்க்கு நன்கு பழகிய வண்டி அது. அதன் கார்புரேட்டர் ஸ்லைடு வகையைச் சேர்ந்தது. காற்று செல்லும் வழியின் குறுக்கே, கிணற்றில் வாளி இறங்குவதுபோல், உருளை ஒன்று மேலிருந்து இறங்கி நிற்கும். அதுவே ஸ்லைடு, நாம் கதவு என்று சொல்லத்தக்கது. கேபிள் அதனை மேலே தூக்கும்; சுருள்வில் கீழே அழுத்தும். ஸ்லைடின் நடுவே தொங்கும் ஊசி, அடியிலுள்ள ஜெட்டின் துளைக்குள் நுழைந்து பெட்ரோலின் அளவைக் காக்கும். உருளைக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. துடைக்கப் பயன்பட்ட பஞ்சின் ஓர் இழை அங்கே சிக்கினாலும் போதும். கதவு பாதியில் நின்றுவிடும்.

முதலாவது கவனம், ஸ்லைடு நோக்கும் திசை. அதன் அடிவிளிம்பில் ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அவ்வெட்டு காற்று வடிகட்டியை நோக்கியிருத்தல் வேண்டும். ஸ்லைடின் பக்கவாட்டில் நெடிய பள்ளமும், கிணற்றின் சுவரில் அதற்கேற்ற சிறு முனையும் பல கார்புரேட்டர்களில் உண்டு. உருளையைத் திசைமாற்றிச் செருகினால் முனை பள்ளத்தில் அமராது. ஸ்லைடு அடிவரை இறங்காது. எஞ்சின் கிளம்பியவுடனே கதறும். செருகும்போது ஸ்லைடை மெல்லத் திருப்பிப் பார்த்தால், பள்ளம் முனையில் விழும் இடத்தை விரலே உணரும். ஊசியும் அப்போது ஜெட்டின் துளையைக் கண்டு நுழைய வேண்டும். இறங்க மறுப்பதை அழுத்தி இறக்குவது பெருந்தவறு, ஊசி வளைந்துபோகும். வளைந்த ஊசி பின்னர் ஜெட்டில் உரசி உரசித் தொல்லை தரும்.

இரண்டாவது, கேபிளின் மேலுறை. கார்புரேட்டர் மூடியின் உச்சியில் கேபிளைச் சரிசெய்யும் திருகு ஒன்றுண்டு. மேலுறையின் முனை அதன் குழிக்குள் முற்றும் அமர்ந்திருத்தல் வேண்டும். குழியின் விளிம்பிலே அது ஏறி நின்றால், உள்ளிருக்கும் கம்பி அந்த அளவுக்கு இழுபட்டு, கதவு எப்போதும் சற்றுத் திறந்தே கிடக்கும். மேலே போர்த்தியிருக்கும் ரப்பர் உறை இக்குற்றத்தை மறைத்துவிடுவதால், ரப்பரை நீக்கிக் கண்ணால் பார்ப்பதே முறை. கம்பியில் ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால், சிக்கனம் பாராமல் புதுக் கேபிள் வாங்கிவிடுக.

அடுத்து, முறுக்கும் பலம். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். நீண்ட ஸ்பானரைக் கொண்டு ஒரேயடியாக இறுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. 'இறுகினால்தான் நல்லது' என்பது அதன் வாதம். கார்புரேட்டரோ மென்மையான உலோகத்தால் வார்க்கப்பட்டது. மிகையாக இறுக்கினால் அதன் முகம் வளைந்து, வட்டமான கிணறு நீள்வட்டமாக மாறும். வட்டமான ஸ்லைடு அதில் எவ்வாறு ஓடும்? இதில் வேறொரு சூழ்ச்சியும் உண்டு. எஞ்சின் ஓடும்போது அதன் உறிஞ்சுவிசை ஸ்லைடைக் கிணற்றின் எஞ்சின் பக்கச் சுவரோடு சேர்த்து அழுத்தும், உராய்வு கூடும். ஆகவே, நின்ற வண்டியில் ஒழுங்காக மூடும் கதவு, ஓடும் வண்டியில் சிக்கிக்கொள்வதுண்டு. நின்ற நிலைச் சோதனையோடு நிறைவடையலாகாது என நான் வற்புறுத்துவது இதனாலேயே.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இவை யாவற்றையும் செவ்வனே செய்து முடித்தார். கைப்பிடியை முறுக்கி விட்டபோதெல்லாம் ஸ்லைடு 'டக்' என்று அடியில் விழும் ஓசை தெளிவாகக் கேட்டது. மகிழ்ந்து பெட்ரோல் டாங்கியைத் தூக்கி வைத்துப் பூட்டினார். பின்னர் நான் கைப்பிடியை முறுக்கி விட்டேன், ஓசை எழவில்லை. டாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையே கேபிள் நசுங்கிக் கிடந்தது! அன்று முதல், டாங்கியை வைப்பதற்கு முன் ஒரு முறையும், வைத்த பின் ஒரு முறையும் அந்த 'டக்' ஓசையைக் கேட்காமல் எவரையும் நான் வண்டியைக் கிளப்ப விடுவதில்லை.

இனி, கிளப்பும் முறை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைக் கைக்கெட்டும் நிலையில் கொண்டு உதைத்துக் கிளப்புக. எஞ்சின் நிதானமாக ஓடும்போது, ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது வேகம் தானே உயர்ந்தால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்பது பொருள். அதன் வழியை மாற்றியமைக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பத் தொடங்கும்போது, கம்பி இழுபடுமுன் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இருப்பது நன்று. பிறகு சற்று முறுக்கிச் சட்டென விடுக. எஞ்சின் உடனே பழைய நிதானத்துக்குத் திரும்ப வேண்டும். இதனை எஞ்சின் சூடேறிய பின்னரும் ஒரு முறை செய்து பார்ப்பது நலம்.

இத்தனைக்கும் பிறகு சாலையில் சிக்கிக்கொண்டால்? கிளட்சைப் பிடித்து, அதே கணத்தில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கிளட்சு சக்கரத்தை எஞ்சினிடமிருந்து பிரிக்கும். தீப்பொறி நின்றால் பெட்ரோல் எஞ்சினும் நின்றுவிடும். பிரேக்கை மட்டும் நம்பி எஞ்சினோடு மல்லுக்கு நிற்பது ஆபத்து. பூட்டி முடித்த முதல் நாளில் இந்த இரு செயல்களையும் நின்ற வண்டியிலேயே நாலைந்து முறை செய்து கைக்குப் பழக்கிக்கொண்டு, ஆளரவமற்ற தெருவில் மெல்ல ஒரு சுற்றுச் சென்று திரும்பிய பின்னரே ஸ்பானர்களைப் பெட்டியில் எடுத்து வைக்கலாம்.